"நீலம் போடுங்க, நம்பிக்கை வரும்"

லோகோ வரைவது என் பிழைப்பு. வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததுமே கேட்பது நீலம்தான். நீலம் என்றால் நம்பிக்கையாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஃபேஸ்புக் நீலமாக இருப்பதற்கு மார்க் சக்கர்பெர்க் சொன்ன காரணம், அவருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிக்கல், நீலம்தான் நன்றாகத் தெரியும் என்பது!

என்னைக் கேட்டால், நிறத்தின் அர்த்தத்தைவிட அதை எத்தனை வருஷம் விடாமல் பிடித்திருக்கிறோம் என்பதுதான் முக்கியம். டிஃபனி என்ற அமெரிக்க நகைக்கடையின் பெட்டியில் இருக்கும் வெளிர் நீலப்பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் அதை வணிகக் குறியாகவே பதிவு செய்துவிட்டார்கள். நிறங்களுக்கு எண்ணும் பெயரும் வைக்கும் பான்டோன் நிறுவனம் அதற்கு வைத்த பெயரில் இருக்கும் 1837, கடை தொடங்கிய ஆண்டு. யூபிஎஸ் என்ற அமெரிக்கப் பார்சல் நிறுவனத்தின் வண்டிகளில் இருக்கும் பழுப்பு இன்னும் வேடிக்கை. என்னிடம் யாரும் பழுப்பு கேட்டதே இல்லை. அழுக்கு தெரியாது என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். ஆனால் போட்டியாளர் யாரும் தொடாத நிறம், அதனால் தூரத்திலேயே அடையாளம் தெரிந்துவிடுகிறது.

சரி, நான் என்ன செய்கிறேன்? போட்டியாளர்களின் லோகோக்களை ஒரே தாளில் அடுக்கி, எந்த நிறம் காலியாக இருக்கிறது என்று பார்க்கிறேன். முதல் வரைவை மட்டும் கறுப்பு வெள்ளையில்தான் காட்டுவேன். ரப்பர் ஸ்டாம்பிலும் ரசீதிலும் நிறம் கூடவே வராதே. முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.