எல்ஜிபிடி கதையும் கவிதையும் பரிந்துரைக்கும் பொழுதுபோக்கு: இதுவரை எது எடுபட்டது

"எல்ஜிபிடி புத்தகம் நல்லதா ஒண்ணு சொல்லேன்" என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் உடனே பெயர் சொல்வதில்லை. கடைசியாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்த புத்தகம் எது என்று திருப்பிக் கேட்கிறேன். பேய்க்கதை என்றால் பேய்க்கதை, துப்பறியும் கதை என்றால் துப்பறியும் கதை, அதற்குள் இருந்துதான் எடுத்துக் கொடுப்பது.

இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். படித்த கதை, கவிதை, அது எந்த மாதிரி ஆளுக்கு ஒத்துவரும், கொடுத்தபின் அவர் என்ன சொன்னார், எங்கே நிறுத்தினார், எல்லாம் அதில் இருக்கும். முதலில் பக்கங்களை லெஸ்பியன், கே, இருபால் ஈர்ப்பு, திருநர் என்று பிரித்திருந்தேன். அப்படிப் பிரித்தால் நோட்டு பார்க்க அழகாக இருக்கிறது, கேட்கிறவருக்குத்தான் பிரயோஜனம் இல்லை. இரண்டு பெண்கள் காதலிக்கிறார்கள் என்பதைத் தவிர எந்த ஒற்றுமையும் இல்லாத ஒரு ரத்தக்காட்டேரிக் கதையும் ஒரு விண்வெளிக் கதையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ரகம் வாரியாக மாற்றி எழுதிய பிறகுதான் கொடுத்த புத்தகங்கள் உண்மையாகவே படித்து முடிக்கப்பட ஆரம்பித்தன.

துப்பறியும் கதைப் பிரியர்களிடம் நன்றாக எடுபட்டது ஜோசப் ஹான்சனின் 'ஃபேட்அவுட்', 1970இல் வந்தது. டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக சாவுகளை விசாரிக்கிறவர். கலிபோர்னியாவில் வானொலியில் பிரபலமான ஒருவரின் கார் விபத்தில் சிக்கிக் கிடக்கிறது, உடல் மட்டும் கிடைக்கவில்லை, பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் கேள்வி. டேவ் தன்பாலீர்ப்பாளர், வெகுகாலம் சேர்ந்து வாழ்ந்த துணையை அப்போதுதான் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருக்கிறார், அந்தத் துக்கத்தோடுதான் வேலைக்கு வருகிறார். இதைப் பெரிய ரகசியமாக வைத்துக் கடைசிப் பக்கத்தில் உடைக்கிற வேலையெல்லாம் ஹான்சனிடம் கிடையாது. இந்த வரிசையில் 12 நாவல்கள் இருப்பதால், ஒன்று பிடித்துவிட்டால் அப்புறம் அவர் நம்மைத் தொந்தரவு செய்யமாட்டார்.

பேய்க்கதைக்கு ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா'. புத்தகமாக வந்தது 1872இல், டிராகுலாவுக்கு 25 வருடம் முன்னால். ஒதுக்குப்புறமான கோட்டையில் அப்பாவோடு தனியாக வளரும் லாராவின் வீட்டுக்கு, வண்டி குடைசாய்ந்து ஓர் அழகான பெண் வந்து சேர்கிறாள். அவள் லாராவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிற பேச்சில் காதலும் பசியும் எது எது என்று பிரிக்கவே முடியாது. அந்தக் காலத்துக் கதை, ஆகவே அந்தக் காலத்துப் பயமும் அதில் இருக்கிறது, பெண்ணை விரும்பும் பெண் ரத்தம் குடிக்கிறவளாகத்தான் வரமுடியும் என்கிற மாதிரி. அதைச் சொல்லியே கொடுத்தேன், சொன்னதால் ஆர்வம் குறையவில்லை. சின்னப் புத்தகம் என்பது இன்னொரு சௌகரியம்.

திருப்பங்கள் வேண்டும் என்கிறவர்களுக்கு சாரா வாட்டர்ஸின் 'ஃபிங்கர்ஸ்மித்' கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. திருடர்கள் நடுவே வளர்ந்த சூ, ஒரு பணக்காரப் பெண்ணை ஏமாற்றுவதற்காக அவளிடம் வேலைக்காரியாகப் போகிறாள், அவ்வளவுதான் சொல்லலாம். முதல் பாகம் முடிகிற இடத்தில் எனக்கு ஒரு செய்தி வரும், பெரும்பாலும் அதில் எழுத்தே இருக்காது, ஆச்சரியக்குறிகள் மட்டும். இதை வைத்துக் கொரியாவில் 'தி ஹேண்ட்மெய்டன்' என்று 2016இல் படம் வந்தது, படம் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் சுவை குறையும்.

அறிவியல் புனைவில்தான் ஆளைப் பார்த்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. எல்லோரும் முதலில் சொல்வது உர்சுலா லெ குவினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்', 1969. கெதென் என்கிற பனிக்கோளில் மனிதர்களுக்கு நிலையான பால் கிடையாது, மாதத்தில் சில நாட்கள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவார்கள், எதுவாக ஆவோம் என்பது அவர்கள் கையிலும் இல்லை. அதனால்தான் ராஜா கர்ப்பமாக இருக்கிறார் என்ற செய்தி அங்கே சர்வசாதாரணமாக வருகிறது. அறிவியல் புனைவுக்குத் தருகிற ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் வாங்கியது. ஆனால் முதல் நூறு பக்கம் ஊர்வலம், அரண்மனை அரசியல் என்று மெதுவாகத்தான் நகரும், வேகம் வேண்டும் என்கிறவர் அங்கேயே மூடிவைத்துவிடுவார். பின்பாதியில் இரண்டே பேர் வண்டியை இழுத்துக்கொண்டு பனிப்பாலையைக் கடக்கிற பகுதி வருகிறதே, அதுவரை பொறுத்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். பொறுமை இல்லாதவருக்கு 2019இல் வந்த 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் த டைம் வார்'. எதிரெதிர் அணிகளின் உளவாளிகள், இருவரும் பெண்கள், காலத்துக்குள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே ஒருவருக்கொருவர் கடிதம் விட்டுச்செல்கிறார்கள். கடிதம் காகிதத்திலேயே இருக்கவேண்டும் என்று இல்லை, வெட்டிய மரத்தின் வளையங்களில்கூட எழுதியிருக்கும். அமல் எல்-மோஹ்தார், மேக்ஸ் கிளாட்ஸ்டோன் என்று இரண்டு பேர் சேர்ந்து எழுதியது. வரிக்கு வரி கவிதையாக இருப்பது சிலருக்குத் திகட்டும், எனக்கே நடுவில் கொஞ்சம் திகட்டியது.

புராணக்கதை பிடித்தவர்களுக்கு மேடலின் மில்லரின் 'தி சாங் ஆஃப் அக்கிலீஸ்', டிராய் போரில் சாகிற கிரேக்க வீரன் அக்கிலீஸும் அவன் தோழன் பெட்ரோக்ளஸும் காதலிக்கிற கதை. முடிவு ஊருக்கே தெரிந்த கதை, இருந்தும் அழுதுகொண்டே போன் செய்கிறார்கள்.

முடிவு என்றதும் நோட்டில் நான் சேர்த்த தனிக் கட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கு எதிரேயும் முடிவு சோகமா, ஆறுதலா, இரண்டும் கெட்டானா என்று எழுதிவைக்கிறேன், கேட்டால் சொல்லிவிடுகிறேன். கதையைக் கெடுக்கிறாய் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். ஆனால் இந்த வகை எழுத்தில் சோக முடிவு பல சமயம் ஆசிரியரின் விருப்பமே இல்லை, சட்டத்துக்குப் பயந்து வந்தது. 1952இல் அமெரிக்காவில் 'ஸ்பிரிங் ஃபயர்' என்ற நாவலை வின் பேக்கர் என்ற புனைபெயரில் ஒருவர் எழுதினார். இரண்டு பெண்களின் காதல் சந்தோஷமாக முடிந்தால் தபால்துறை ஆபாசம் என்று பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியர் சொல்லி முடிவைச் சோகமாக்கவைத்தார். அதே 1952இல்தான் பெட்ரீஷியா ஹைஸ்மித் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' நாவலை கிளேர் மார்கன் என்ற பொய்ப் பெயரில் வெளியிட்டார், அதில் யாரும் சாகவில்லை, நம்பிக்கையோடு முடிகிறது. தன் சொந்தப் பெயரை அதில் போட 1990வரை ஆனது. இ.எம்.ஃபார்ஸ்டர் கதி இன்னும் மோசம், 'மாரிஸ்' நாவலை 1913, 14 வாக்கில் எழுதிவிட்டு, இரண்டு ஆண்களும் சேர்ந்தே வாழ்கிற முடிவை மாற்ற மனமில்லாமல் பெட்டிக்குள் வைத்திருந்தார், அவர் இறந்த பிறகு 1971இல்தான் வெளியே வந்தது. இந்தப் பின்கதையைச் சொல்லிக் கொடுத்தால் 'மாரிஸ்' வேறு புத்தகமாகவே படிக்கப்படுகிறது. இல்லையென்றால் கொஞ்சம் பழைய நடை, அவ்வளவுதான்.

சட்டம் படுத்திய பாட்டுக்கு 1928ஐயும் சொல்லலாம். ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' இங்கிலாந்தில் ஆபாசம் என்று தீர்ப்பாகி அழிக்கப்பட்டது, அதே வருடம் வந்த வர்ஜீனியா வுல்ஃபின் 'ஓர்லாண்டோ'வை யாரும் தொடவில்லை. ஓர்லாண்டோ நூற்றாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார், நடுவில் ஆணாகத் தூங்கிப் பெண்ணாக எழுகிறார். மாயக்கதை என்பதால் தப்பித்தது என்றே நினைக்கிறேன். ஹாலின் புத்தகத்தை வரலாற்றுக்காக மட்டும் சொல்கிறேன், சுகமாகப் படிக்க வேண்டுமென்றால் வுல்ஃப்தான். இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' சிறுகதை 1942இல் வந்து லாகூர் கோர்ட்டுவரை போனது, அதில் ஆபாசமான சொல் என்று ஒன்றைக்கூடக் காட்டமுடியவில்லை. ஒரு சிறுமியின் கண்வழியே, ராத்திரி சுவரில் அசையும் ரஜாயின், அதாவது பஞ்சுப் போர்வையின், நிழலை வைத்தே முழுக்கதையும் நடக்கிறது. நீளமாகப் படிக்க நேரமில்லை என்கிறவருக்கு இதுதான், ஆனால் அந்தச் சிறுமிக்கு நேர்வதில் சங்கடப்படுத்தும் இடம் ஒன்று உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வசனத்துக்காகப் படிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களுக்கு மானுவல் புயிக்கின் 'கிஸ் ஆஃப் த ஸ்பைடர் உமன்' (1976). அர்ஜென்டினாவில் ஒரு சிறைக் கொட்டடி, உள்ளே பெண்ணாகத் தன்னை உணரும் மொலினா, புரட்சிக்காரன் வாலென்டின். ராத்திரி தூக்கம் வராமல் மொலினா பழைய படங்களின் கதையைச் சொல்கிறார், நாவல் முக்கால்வாசி இவர்கள் பேச்சுதான், யார் பேசுகிறார் என்றுகூடப் போடமாட்டார். பக்கத்தின் கீழே பார்த்தால் தன்பாலீர்ப்பைப் பற்றிய உளவியல் கொள்கைகள் நீள நீள அடிக்குறிப்புகளாக ஓடுகின்றன. அதைப் படிப்பதா தாண்டுவதா என்று கேட்பார்கள். முதல் தடவை தாண்டிவிடுங்கள் என்பேன், ஒருவர் மட்டும் அடிக்குறிப்பைத்தான் ரசித்ததாகச் சொன்னார்.

குடும்பக் கதைக்கு கெங்கோரோ தகாமேயின் 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்' மாங்கா. இறந்துபோன இரட்டைச் சகோதரனின் கணவர், ஆஜானுபாகுவான கனடாக்காரர், வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். வீட்டுக்காரருக்குத் தர்மசங்கடம், அவருடைய சின்ன மகளுக்கோ புது மாமா கிடைத்த குஷி. படக்கதை என்று அலட்சியமாக வாங்கிக்கொண்டு போனவர்களும் ஒரே மூச்சில் முடித்தார்கள்.

தமிழ் வாசகர்களிடம் தவறாமல் எடுபடுவது ஷ்யாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' (1994). ஆங்கிலத்தில் எழுதியதுதான், ஆனால் கொழும்பில் வளரும் தமிழ்ப் பையன் அர்ஜியின் கதை. ஞாயிற்றுக்கிழமை தாத்தா பாட்டி வீட்டில் பிள்ளைகள் கல்யாண விளையாட்டு விளையாடுவார்கள், மணப்பெண் எப்போதும் அர்ஜிதான், சேலையும் முக்காடுமாக. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள், பையன் எப்படி மணப்பெண் ஆகலாம் என்று சண்டை போட்டு அந்தப் பட்டத்தைப் பறிக்கப்பார்க்கிறாள். அங்கே சிரிக்க ஆரம்பித்தவர்கள் 1983 கலவரத்துக்கு வரும்போது சிரிப்பதை நிறுத்தியிருப்பார்கள். தமிழிலேயே வேண்டும் என்றால் சு.சமுத்திரத்தின் 'வாடாமல்லி' நாவல், கூடவே பிரியா பாபுவின் 'மூன்றாம் பாலின் முகம்'. முதலாவது வெளியிலிருந்து பரிவோடு பார்க்கிறது, இரண்டாவது ஒரு திருநங்கையே எழுதியது, சேர்த்துப் படித்தால்தான் அந்த வித்தியாசம் பிடிபடும். கவிதைக்கு கல்கி சுப்ரமணியத்தின் 'குறி அறுத்தேன்', தலைப்பைச் சொன்னதுமே ஆள் படிப்பாரா மாட்டாரா என்பது தெரிந்துவிடும்.

கவிதைக்கு மட்டும் தனி வழி. தொகுப்பாகக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை, ஒரே ஒரு கவிதையைக் கொடுக்கிறேன். கிரேக்கக் கவிஞர் கவாஃபியின் கட்டுப்போட்ட தோள் கவிதை அதிகம் வேலை செய்தது. தோளில் காயத்தோடு வந்தவன் ஏதோ காரணம் சொல்கிறான், கவிதை சொல்கிறவர் அந்தக் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டுகிறார், வேண்டுமென்றே மெதுவாக. அவன் போன பிறகு நாற்காலிக்கு முன்னால் ரத்தத் துணி கிடக்கிறது, குப்பையில் போடவேண்டியதுதான், எடுத்து உதட்டில் வைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் கவிதை, காதல் என்று பக்கம் பக்கமாகச் சொல்லவேண்டியதில்லை. கவாஃபி அலெக்சாண்டிரியாவில் பாசன அலுவலகத்தில் சுமார் 30 வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவர், கவிதைகளைத் தாளில் அச்சிட்டு வேண்டியவர்களுக்குக் கொடுத்துவந்தார். அவர் முடிவானவை என்று விட்டுப்போனவை 154. ஷேக்ஸ்பியரின் சானட்டுகள் என்கிற 14 வரிக் கவிதைகளும் 154, அதில் முதல் 126 ஓர் இளைஞனை நோக்கியவை என்பார்கள். தற்செயல்தான், ஆனால் பேச்சை ஆரம்பிக்க உதவுகிறது.

பழங்காலக் கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோவில் முழுசாகக் கிடைத்தது ஏறக்குறைய ஒரே கவிதை, மற்றதெல்லாம் துண்டு. ஆன் கார்சனின் மொழிபெயர்ப்பில் பாப்பிரஸ் என்கிற அந்தக் காலத்துத் தாள் கிழிந்த இடமெல்லாம் அடைப்புக்குறியாக நிற்கும், பக்கத்தில் பாதி வெற்றிடம். அதில் 31ஆம் துண்டைக் கொடுங்கள்: பிடித்த பெண்ணைப் பார்த்ததும் நாக்கு உடைகிறது, தோலுக்கடியில் தீ ஓடுகிறது, காது இரைகிறது. கவிதையே ஒத்துவராது என்று சொன்ன ஒருவர் இதைப் படித்துவிட்டு "இது காய்ச்சல் மாதிரி இருக்கே" என்றார், அதுவே பெரிய பாராட்டு. ஏட்ரியன் ரிச்சின் 21 காதல் கவிதைகளைக் காதலில் பழகியவர்களுக்கே கொடுக்கிறேன், அதில் எண் போடாமல் நடுவே மிதக்கிற ஒரு கவிதை உண்டு, அது எங்கே வருகிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு விஷயம், ஏன் கேட்கிறாய் என்று நான் யாரையும் கேட்பதில்லை. தனக்காகக் கேட்கலாம், தங்கைக்காகக் கேட்கலாம், சும்மா கேட்கலாம். ஆனால் வீட்டில் வெளிப்படையாக வைத்துப் படிக்க முடியுமா என்று மட்டும் விசாரித்துக்கொள்வேன். அட்டையிலேயே எல்லாம் சொல்லிவிடுகிற புத்தகத்தை, ஒரே அறையில் நாலு பேர் தூங்குகிற வீட்டுக்குக் கொடுக்கக்கூடாது. 'ஃபிங்கர்ஸ்மித்' அட்டையைப் பார்த்து யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், மின்னூலாக இருந்தால் இன்னும் வசதி.

ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவானிஸ் ரூம்' (1956) எனக்கு உயிர், ஆனால் முதல் புத்தகமாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அதில் இருக்கும் வெட்கமும் தன்வெறுப்பும் தயாராக இல்லாதவரை நசுக்கிவிடும். இரண்டாவதாக, மூன்றாவதாக வந்தால் அதன் வாக்கியங்களுக்காகவே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள்.

நோட்டில் இன்னும் மெலிந்து கிடப்பது நகைச்சுவைப் பக்கம். ஆண்ட்ரூ ஷான் கிரீரின் 'லெஸ்' மட்டும் இருக்கிறது, ஐம்பதை நெருங்கும் ஓர் எழுத்தாளர் முன்னாள் காதலனின் கல்யாணத்துக்குப் போகாமல் தப்பிக்க, உலகத்தில் வந்த அழைப்பையெல்லாம் ஒப்புக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறார். 2018இல் புலிட்சர் பரிசு வாங்கியது, சிரிக்கவைத்தும் வாங்கலாம் போலிருக்கிறது. திருநம்பிகள் பக்கமும் காலியாகத்தான் இருந்தது, அதற்காக ஜோர்டி ரோஸன்பெர்க்கின் 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் த ஃபாக்ஸ்' எடுத்திருக்கிறேன். 18ஆம் நூற்றாண்டு லண்டன் திருடன் ஜாக் ஷெப்பர்டைத் திருநம்பியாக வைத்து எழுதியது. கையெழுத்துப்படியைக் கண்டெடுத்த பேராசிரியர் போடும் அடிக்குறிப்புகள் கதையையே விழுங்கப்பார்க்கின்றன. பாதி முடித்திருக்கிறேன். புயிக்கில் அடிக்குறிப்பை ரசித்தவர் இப்போதே கேட்டுவைத்துவிட்டார், முடித்ததும் அவருக்குத்தான் போகிறது.