குவளையின் அடியில்

"இரத்தம் போதாது என்றுதானே மூன்று கிழமைக்கு ஒருமுறை ஏற்றுகிறீர்கள்? பிறகு இரும்பு கூடிவிட்டது என்றால் எப்படி, மிஸி?"

வேலணையிலிருந்து முதல் பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி, பிறப்பிலிருந்தே இரத்தம் சரியாக ஊறாத தலசீமியா நோயுள்ள மகளோடு வரும் தாய் கேட்ட கேள்வி இது. பேத்திக்கு இரத்தம் ஊறட்டும் என்று அம்மம்மா நாள்தோறும் முருங்கையிலை வறை ஊட்டிய வீடு அது. அவருக்கு நான் கணக்குச் சொன்னேன். ஒரு பைன்ற் இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கிறது. உடல் நாளொன்றுக்கு இழப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம். மிகுதியைத் தானாக வெளியே தள்ள உடலுக்கு வழியில்லை. ஈரலிலும் சுரப்பிகளிலும் இதயத்திலும் அது படிந்துகொண்டே போகும். பிள்ளை வயதுக்கு வருவது பிந்தலாம், நீரிழிவு வரலாம், இதயம் தளரலாம். அம்மம்மாவின் வறை இதில் மிகச் சிறிய பங்கு. அவரைக் கடியவேண்டாம் என்றேன்.

நான் தாதியாகச் சேர்ந்த காலத்தில் தலசீமியாப் பிள்ளைகளுக்கு, மிகுதி இரும்பை வெளியேற்ற டெஸ்பெரல் என்ற மருந்துதான். வயிற்றுத் தோலின் கீழ் மெல்லிய ஊசி, ஒரு சிறு பம்ப், இரவில் 8 முதல் 12 மணி நேரம், கிழமையில் ஐந்து இரவுக்குக் குறையாமல். ஊசி குத்திய இடங்கள் தடித்துப்போன வயிற்றைக் காட்டி அழுத பிள்ளைகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறார்கள். ஆனால் காலையில் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். இரும்பு இறங்குவதைத் தாய்மார் கண்ணால் கண்டு ஆறுதல் அடைந்தார்கள். அதே வேலையைச் செய்யும் டெபெராசிரொக்ஸ் குளிசை வந்ததும் ஊசி போயிற்று. அந்தச் சாட்சியும் கூடவே போயிற்று. இந்த மருந்து இரும்பைப் பெரும்பாலும் மலத்தோடு வெளியேற்றுவதால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. உடலில் தேங்கிய இரும்பைக் காட்டும் பெரிற்றின் இரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணை நம்பித்தான் இருக்கவேண்டும்.

வேலணைப் பிள்ளையின் எண் 3000ஐத் தாண்டி நின்றது, இறங்கவே இல்லை. வீட்டில் குளிசை ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்று நான் முடிவுகட்டி, ஒருநாள் தாயைக் கடிந்தும் பேசிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெறுமையான குளிசை அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கினார். ஒருநாள்கூடத் தவறவில்லை.

அடுத்த முறை வந்தபோது, அன்றைய குளிசையை என் முன்னால் கொடுக்கச் சொன்னேன். கண்ணாடிக் குவளையில் போட்டார், தண்ணீர் விட்டார், கலக்கினார். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தது. தாய் உடனே குவளையைக் கழுவ எழுந்தார். நான் அதை வாங்கிப் பார்த்தேன். அடியிலும் ஓரத்திலும் சுண்ணாம்புபோல வெள்ளை வண்டல்.

அந்தக் குளிசை தண்ணீரில் கரைவதில்லை. தூளாகக் கலங்கி நிற்கும், அவ்வளவுதான். மிஞ்சியதில் மீண்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதையும் குடிக்கவேண்டும். நாங்களோ "கரைத்துக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தோம். கரைந்துவிட்டது என்று நம்பியவர், மகளின் மருந்தில் ஒரு பங்கை நாள்தோறும் கழுவி ஊற்றியிருக்கிறார். பிழை எங்கள் சொல்லில் இருந்தது. அதை அவரிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் அது கரைந்ததுபோலத்தான் தெரிந்தது, மிஸி" என்று என்னைத் தேற்றினார்.

வண்டல் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பின்னர் வைத்தியர் மருந்தின் அளவையும் கூட்டினார். சில மாதங்களில் எண் மெல்ல இறங்கத் தொடங்கியது.

இப்போது மருந்து தொடங்கும் தாய்மாருக்கு ஒரு குவளையை வைத்துச் செய்தே காட்டுகிறேன். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னர் என்கிறேன். சிறுநீரகத்துக்கும் ஈரலுக்குமான மாதாந்த இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள் என்று இரண்டு தரம் சொல்கிறேன்.

"இரத்தம் ஏற்றும் காலமெல்லாம் இதையும் குடிக்கவேண்டுமா, மிஸி?" என்று அந்தப் பிள்ளை ஒருநாள் கேட்டாள். ஓம் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு இரண்டாம் தரம் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடித்துவிட்டு, குவளையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினாள்.