மரத்துக்கு பிளக் எங்கே?

இரவு நடைக்குப் போயிருந்தோம். சாலையோர மரங்களுக்கெல்லாம் அடியிலிருந்து கிளை வரை சீரியல் லைட் சுற்றியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தபடி நின்ற மனைவி, "ஏங்க, இதுக்கெல்லாம் கரண்ட் எங்கேருந்து வருது?" என்றாள்.

நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. முடித்த கையோடு கணக்கெழுதும் வேலைக்குப் போய்விட்டேன் என்றாலும், டிப்ளமோவின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. "சோலார்" என்றேன். "பேனலைக் காணோமே?" "அப்போ பேட்டரி." "இத்தனை மரத்துக்கும் தினமும் யார் மாத்துவாங்க?"

சரி, ஒயரைப் பின்தொடர்ந்தால் பிளக் வந்துதானே ஆக வேண்டும்? அடிமரத்தில் தொடங்கி, கண்ணை ஒயரிலேயே வைத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தேன். ஐந்தாவது சுற்றில் தலை கிறுகிறுத்தது. ஏழாவதில் கழுத்து பிடித்துக்கொண்டது. அண்ணாந்தபடியே நின்றேன். வழியில் போன ஒருவர் என் பக்கத்தில் வந்து தானும் அண்ணாந்தார். பிறகு இரண்டு பேர். "என்ன சார், பாம்பா?" என்றார் ஒருவர். என் மனைவி பத்தடி தள்ளிப்போய், என்னைத் தெரியாதவள் மாதிரி நின்றுகொண்டாள்.

இரண்டு மரம் தள்ளி, ஏணி மேலிருந்து எரியாத சரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் குரல் கொடுத்தார். "சார், ஒயர்ல கை வைக்காதீங்க!"

"கரண்ட் எங்கேருந்து வருதுன்னு பார்க்கிறேன் அண்ணே."

அவர் இறங்கி வந்து சிரித்தார். "நீங்க வாலைப் பிடிச்சுக்கிட்டுத் தலையைத் தேடுறீங்க. கீழே இருக்கிறது முடிவு. ஆரம்பம் அங்கே."

அவர் காட்டியது பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தை. கை எட்டாத உயரத்தில், மழை புகாத மூடியோடு ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் பிளக். அங்கிருந்து ஒயர் இலைகளுக்குள் நுழைந்து இந்த மரத்துக்கு வந்து, கிளை வழியாக அடுத்த மரத்துக்குப் போகிறது. எட்டுகிற உயரத்தில் வைத்தால் செல்போன் சார்ஜ் போட ஆள் வந்துவிடுமாம். புதிதாகப் போட்ட சாலைகளில் இது தெரியவே தெரியாது, மண்ணுக்கடியில் பைப்பில் கேபிள் ஓடி, மரத்தடியில் உள்ள பெட்டியில் தலைகாட்டும் என்றார். கேபிள் இழுக்க வழியில்லாத இடத்தில்தான் சோலாராம். அதைக் கேட்டதும் மனைவியைப் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"ஒரு கம்பம் இத்தனையையும் தாங்குமா?" என்று டிப்ளமோ விழித்துக்கொண்டு கேட்டது. பழைய குண்டு பல்பு சரத்தில் நூறு பல்புக்கு நாற்பது வாட்டு போல ஆகும். எல்.இ.டி.யில் ஐந்தாறு வாட்டோடு முடிந்துவிடுகிறது. தாங்கும்.

மழை பெய்தால் மொத்த வரிசையும் அணைந்துவிடுகிறதே என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. ஈரத்தில் கொஞ்சம் கரண்ட் கசிந்தாலும், 30 மில்லி ஆம்பியரிலேயே லைனை வெட்டிவிட ஒரு பிரேக்கர் வைத்திருக்கிறார்களாம். "லைட் போச்சுன்னு போன் போட்டுத் திட்டுறாங்க சார். அது ஆளைக் காப்பாத்துதுன்னு ஒருத்தருக்கும் தெரியறதில்ல." கரண்டைவிட மரத்தோடுதான் அவருக்குத் தொல்லை அதிகம். மரம் பருக்கும், ஒயர் நீளாது. அவ்வப்போது சுற்றைத் தளர்த்தாவிட்டால் பட்டையில் புதைந்து மரத்தையே இறுக்கிவிடும்.

"மாலையில் யார் ஸ்விட்ச் போடுவாங்க?" என்றேன். கம்பத்து உச்சியில் போட்டோசெல். வெளிச்சம் குறைந்தால் தானாகவே எரியும். பகலில் சோதித்துப் பார்க்க, மேலே ஏறி அதைக் கறுப்புத் துணியால் மூடுவாராம். கொஞ்ச நேரத்தில் ராத்திரி வந்துவிட்டது என்று நம்பிக் கம்பம் விளக்கைப் போட்டுவிடும்.

திரும்பும்போது எனக்கு ஏகப்பட்ட தெம்பு. வழியில் இருட்டாக நின்ற ஒரு மரத்தைக் காட்டினேன். "பாரு, இதிலேயும் ஒயர் போகுது. லைன் ஏதோ கட் ஆகியிருக்கு." செல்போன் டார்ச்சை அடித்து, ஒயரைக் கண்ணால் பிடித்தபடியே மேலே போனேன். இம்முறை தலைப்பக்கத்தை நோக்கித்தான் தேடினேன்.

அது ஒரு காக்கைக் கூட்டில் போய் முடிந்தது.