9.79 விநாடியும் ஓர் இருமல் மருந்தும்

ஊட்டியில் ஒரு மெடிக்கலில் 22 வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். மழைக்காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் தெரு வெறிச்சோடிவிடும். அந்த நேரத்தில் எதிரே டாக்ஸி ஸ்டாண்டில் இருக்கும் அண்ணன், ரிட்டையர் ஆன பி.டி. மாஸ்டர், சில நாள் பக்கத்து பேக்கரிக்காரர் என்று மூன்று நான்கு பேர் எங்கள் கடை வாசலில் ஒதுங்குவார்கள். மழை விடும்வரை பேச்சு ஓடும். 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில், அந்தப் பேச்சு நிஜச் சண்டையாகவே ஆகிவிட்டது.

ஆண்கள் 100 மீட்டரில் அமெரிக்காவின் நோவா லைல்ஸ் 9.79 விநாடியில் தங்கம் வாங்கியிருந்தார். டாக்ஸி அண்ணன் குடையை மடக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். "இதே 9.79-ஐ பென் ஜான்சன் 1988லேயே ஓடிட்டான் மாஸ்டர். 36 வருஷம் கழிச்சும் அதே நேரத்துக்குத்தான் தங்கம் குடுக்கறாங்க. அப்ப அவன் எப்பேர்ப்பட்ட ஆளு?"

"மருந்து ஓடுச்சுன்னு சொல்லு. அவன் ஓடுனான்னு சொல்லாதே" என்றார் மாஸ்டர்.

எனக்கும் அந்த ஓட்டம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1988 செப்டம்பர் 24, சனிக்கிழமை. நான் ஆறாம் வகுப்பு. கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைனில் எங்கள் வீடு. எஸ்டேட் கிளார்க் வீட்டில் மட்டும்தான் டி.வி. சியோலில் பென் ஜான்சன் கோட்டைத் தொடுவதற்கு முன்பே வலது கையைத் தூக்கி விரலை உயர்த்தியதை, புள்ளி புள்ளியாக மழை பெய்யும் திரையில் பார்த்தேன். ஒரு வாரம் லைன் பிள்ளைகள் எல்லோரும் அப்படியே விரலைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்கு நடுவே இருந்த மண் ரோட்டில் ஓடினோம். பதக்கத்தைப் பிடுங்க மூன்றே நாள்தான் ஆனது. அந்தச் செய்தி எங்கள் காதுக்கு வந்தபிறகும் நாங்கள் நிறுத்தவில்லை.

பென் ஜான்சன் சிறுநீரில் கிடைத்தது ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு. டி.பார்ம். படிக்கும்போது ஒரு நாள் புத்தகத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, இதுதானா அது என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் ஊறாத சில நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதும் மருந்து அது. எங்கள் பிரிட்ஜில் தடுப்பூசிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும், ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் அப்படித்தான். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அது உயிர். அதையே சைக்கிள் ஓட்டக்காரர்கள் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டு எத்தனையோ பட்டங்கள் பறிபோயின. இதில் எனக்கு இன்றும் ஆச்சரியமான விஷயம் ஒன்று உண்டு. காற்றில் பிராணவாயு குறைந்த மலைக்கு வந்தால், அதே எரித்ரோபாய்ட்டினை நம் சிறுநீரகமே கூடுதலாகச் சுரக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். 1968-இல் ஒலிம்பிக் நடந்து, ஜிம் ஹைன்ஸ் 9.95 விநாடியில் ஓடிய மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதனால்தான் சமவெளியிலிருந்து ஓட்டக்காரர்கள் எங்கள் ஊருக்குப் பயிற்சிக்கு வருகிறார்கள். ஊசி இல்லாமல், குளிரில் மூச்சு வாங்க வாங்க அந்த ரத்தத்தைச் சம்பாதித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை.

சரி, சண்டைக்கு வருகிறேன். டாக்ஸி அண்ணனிடம் பெரிய ஆயுதம் ஒன்று இருந்தது. "தங்கம் யாருக்குப் போச்சு? கார்ல் லூயிஸுக்கு. அவனும் அதே வருஷம் மாட்டுனவன்தானே?"

அது உண்மை. 1988-இல் அமெரிக்கத் தகுதிப் போட்டியின்போது லூயிஸின் மாதிரியில் சூடோஎபிட்ரின், எபிட்ரின், பினைல்புரோப்பனோலமைன் மூன்றும் இருந்தன. முதலில் தகுதி நீக்கம் செய்தார்கள். ஏதோ மூலிகைச் சத்து மருந்தில் தெரியாமல் வந்துவிட்டது என்று முறையிட்டார். ஏற்றுக்கொண்டு சியோலுக்கு அனுப்பினார்கள். 2003-இல்தான் இது ஊருக்கே தெரிந்தது.

"ரெண்டும் ஒண்ணா?" என்று மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா, மருந்துக்காரன்."

ஒன்றில்லை. அந்த மூன்று பெயரும் எனக்குப் பழக்கமானவை. மூக்கடைப்புக்கும் சளிக்கும் நாடு முழுக்க விற்ற மருந்துகள். லூயிஸிடம் இருந்த அளவும் மிகக் குறைவு. ஜான்சன் விஷயம் வேறு. கனடா அரசு வைத்த டியூபின் விசாரணையில் அவரும் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸும் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். வருடக்கணக்கில், தெரிந்தே, திட்டம் போட்டு எடுத்தது. 1993-இல் மறுபடியும் மாட்டி ஆயுள் தடை. அந்த 9.79-க்காக நான் வாதாட மாட்டேன். சின்ன வயதில் விரலைத் தூக்கி ஓடியவன் என்பதால் எனக்கு வலி அதிகம்.

ஆனால் மாஸ்டர் அதோடு விடவில்லை. "மாட்டுனவன் யாரா இருந்தாலும் திருடன்தான். தெரியாம சாப்பிட்டேன்னு சொல்றதெல்லாம் கதை. நம்ம திருச்சி ஓட்டக்காரி கோமதி மட்டும் என்ன?" என்றார்.

அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. ஐந்து வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அன்று சொன்னேன்.

2019 ஜூலை. விடாத மழை. டிராக் சூட் நனைய நனைய ஒரு பெண் கடைக்கு வந்தாள். பதினெட்டு வயது இருக்கும். 400 மீட்டர் ஓடுகிறவள், சமவெளியிலிருந்து கேம்ப்புக்கு வந்திருந்தாள். பணத்தை எடுக்கக்கூட விரல் மடங்கவில்லை. "நாலு நாளா இருமல் அண்ணா. ராத்திரி பக்கத்து ரூம் அக்காவெல்லாம் திட்றாங்க. ஏதாவது குடுங்க" என்றாள். நான் டாக்டர் சீட்டு கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கூட்டமும் இல்லை, காரணம் சொல்ல. வழக்கமாகக் கொடுக்கும் 100 மி.லி. இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்து, வெந்நீர் குடிம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, ஜூலை 30 ராத்திரி செய்தி வந்தது. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை. அவர் குடித்த இருமல் மருந்தில் டெர்பூட்டலின் இருந்ததாம். காலையில் கடையைத் திறந்ததும், சாம்பிராணிகூடக் காட்டாமல், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த மருந்திலேயே இன்னொரு பாட்டிலை எடுத்தேன். லேபிளின் மடிப்பு ஒட்டும் இடத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், இரண்டாவது வரி: டெர்பூட்டலின் சல்பேட். மூச்சுக்குழாயை விரித்துக் கொடுக்கிற நல்ல மருந்து. இந்தக் குளிரில் வீசிங் வரும் எத்தனையோ வயசாளிகளுக்கு நான் கொடுத்தது. ஓட்டப் பந்தயக்காரர்களுக்கு, போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அனுமதி வாங்காமல் தொடவே கூடாதது. இதே கையால் அதை ஆயிரம் தடவையாவது எடுத்துக் கொடுத்திருப்பேன். பெயர் தெரியும், வேலை தெரியும், அளவு தெரியும். ஓடுகிற பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு ஓடினேன். பனியில் பத்தடி தூரத்துக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கேட்டுக் கேட்டு அவளைக் கண்டுபிடித்தேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். பாதிக்குமேல் காலி. "இருமல் நல்லா கேட்டுச்சு அண்ணா" என்றாள் சிரித்துக்கொண்டே. விஷயத்தைச் சொன்னேன். முகம் அப்படியே வெளுத்தது. போட்டிக்குப் பத்து நாள்தான் இருந்தது. "தெரியாமதானே குடிச்சேன்? சொன்னா விட்டுடுவாங்கல்ல?"

என்ன பதில் சொல்வது? உடம்புக்குள் என்ன போகிறதோ அதற்கு ஓடுகிறவர்தான் பொறுப்பு என்பது சட்டம். தெரியாமல் நடந்தது என்று நிரூபித்தால் தண்டனை குறையலாம். நிரூபிக்க வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், பில் வேண்டும். நான் பில்கூடப் போட்டுக் கொடுத்திருக்கவில்லை.

அவளுடைய கோச்சிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் எழுதி வாங்கி வருகிறோம் என்றார். அப்புறம் போட்டிக்குப் போனாள், ஓடினாள். சோதனை எதுவும் எடுக்கவில்லை என்று கோச் போனில் சொன்னபோது, கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கோமதி மாரிமுத்துவின் செய்தியை அந்த வருடம் முழுக்க நான் வேறு கண்ணோடுதான் படித்தேன். திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்துப் பெண். 2019 ஏப்ரலில் தோகாவில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம். கிழிந்த ஷூவோடு ஓடினார் என்று பேப்பரெல்லாம் எழுதிக் கொண்டாடியது. அடுத்த மாதமே நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு சோதனையில் சிக்கியதாகச் செய்தி. எந்தத் தடை செய்யப்பட்ட மருந்தையும் எடுத்ததில்லை என்றார். நான்கு வருடத் தடை, தங்கமும் போனது. நான்ட்ரோலோன் இருமல் மருந்தில் வருவதில்லை, அது எனக்குத் தெரியும். அவர் தரப்பு சரி என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் முந்தின நாள் வரை தூக்கி வைத்திருந்தவர்கள் ஒரே ராத்திரியில் அவரை எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், என் கடை வாசலிலேயே பேசினார்கள். லூயிஸ் சொன்னதை ஓர் அதிகாரி உட்கார்ந்து கேட்டார். நானும் அதை நம்புகிறேன், சளி மருந்து எவ்வளவு சுலபமாக உள்ளே போகும் என்று தெரிந்தவன் நான். அப்படிக் காது கொடுப்பது முடிகண்டத்துக்காரிக்கும், என் கடைக்கு வந்த அந்தப் பெண்ணுக்கும் உண்டா என்பதுதான் என் கேள்வி. பிடிபட்டிருந்தால் அவளையும் மாஸ்டர் திருடி என்றுதான் சொல்லியிருப்பார். அவளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்த என் பெயர் எங்கேயும் வந்திருக்காது.

இப்போது மருந்தின் பெயரைத் தட்டிப் பார்க்க தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் செயலி இருக்கிறது. டெர்பூட்டலின் கலந்த பாட்டில்கள் எல்லாவற்றின் மூடியிலும் நான் சிவப்பு மார்க்கரால் பொட்டு வைத்திருக்கிறேன். டிராக் சூட்டில் யார் வந்தாலும் முதல் கேள்வி, "போட்டிக்கு ஓடுறீங்களா?" என்பதுதான். கடைப் பையனுக்கும் அதையே பழக்கியிருக்கிறேன்.

நான் சொல்லி முடித்தபோது மழை விட்டிருந்தது. யாரும் கிளம்பவில்லை. டாக்ஸி அண்ணன் பென் ஜான்சனை மறந்துவிட்டார். மாஸ்டர் கவுண்டருக்கு உள்ளே கையை நீட்டி, "எது அந்த பாட்டில், குடு" என்றார். கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பது வருடம் ஸ்டாப்வாட்ச் பார்த்த கண்.

"இங்க எங்கப்பா போட்டிருக்கான்?" என்றார்.

டாக்ஸி அண்ணன் தன் போனில் டார்ச்சைப் போட்டு லேபிளின் மேல் பிடித்தார்.