புரட்டாசி முடிந்த பிறகும்

17 அக்டோபர் 2025, வெள்ளி

இன்றோடு புரட்டாசி முடிகிறது. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் கறி இல்லை, மீன் இல்லை, முட்டைகூட இல்லை. நாளை மறுநாள் விடிந்ததும் அப்பா தூக்குவாளியோடு கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார். மதுரையில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதேதான் நடக்கும்.

நான் மட்டும் திரும்பச் சாப்பிடப் போவதில்லை. இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

போன மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டினோம். உசிலம்பட்டிப் பக்கம் அப்பத்தா வீட்டில் ஒரு வருடமாக வளர்ந்த கெடா. ஊருக்குப் போகும்போதெல்லாம் நான்தான் அதற்கு அகத்திக்கீரை ஒடித்துப் போடுவேன். கோயிலில் மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாகக் கணக்கு. வெகுநேரம் சிலிர்க்கவே இல்லை. கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையை மோந்தது. கீரை இருக்கும் என்று நினைத்திருக்கும். அந்த மூக்கின் ஈரம் இப்போதும் கையில் இருக்கிறது. அன்றைக்கு மதியம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதற்கப்புறம் ஏழு மாதம் சாப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அந்த ஈரம் ஞாபகம் வந்தது. புரட்டாசியில் அது வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

19 அக்டோபர், ஞாயிறு

சொல்லிவிட்டேன். நன்றாகச் சொல்லவில்லை, இலை போட்ட பிறகு சொன்னேன்.

அம்மா எனக்கென்று சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், வாங்கிவரச் சொல்லியிருந்தாள். ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். வயசுக்கு வந்த நாளிலிருந்து ரத்தம் ஊறும் என்று மிளகு போட்டு வதக்கி அதை எனக்கு மட்டும் வைப்பாள். தம்பி கேட்டால்கூடத் தரமாட்டாள். இன்றைக்கும் அதை இலையின் ஓரத்தில் வைத்தாள். "வேண்டாம்மா, இனிமே கறி சாப்பிடல" என்றேன்.

கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். "என் கையால போட்டது உனக்கு ஆகலையாடி?" என்று கேட்டாள்.

கறியை விடுவது எனக்குக் கஷ்டமாக இல்லை. அந்தக் கேள்விதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்து அன்பு காட்டியது கிடையாது. நெஞ்செலும்பு அப்பாவுக்கு, ஈரல் தம்பிக்கு, சுவரொட்டி எனக்கு. அம்மா அன்பைப் பங்கு வைத்தது இப்படித்தான். நான் வேண்டாம் என்று தள்ளியது எது என்று அவள் நினைத்திருப்பாள்?

20 அக்டோபர், தீபாவளி

காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு. நான் தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொண்டேன். அப்பா நேற்று முழுக்கப் பேசாமல் இருந்தவர் இன்று வெடித்துவிட்டார். "சைவமாயிட்டா உசந்த சாதி ஆயிரலாம்னு நினைப்பா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அதில் நியாயமும் இருக்கிறது. கறி தின்கிறவன் என்று சொல்லி வீடு தராமல் அனுப்பிய ஊர் இது. அப்பாவும் அப்படித் திரும்பி வந்தவர்தான். 2003-இல் அரசு 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டிக் கோயில்களில் கெடா வெட்டக்கூடாது என்றது. ஊரே கொதித்தது, அடுத்த ஆண்டே அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டார்கள். அப்பா இன்றைக்கும் அதைக் கோபத்தோடு சொல்வார். நானும் அந்தக் கோபத்தின் பக்கம்தான். இன்னொருவர் இலையில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. "யாரையும் குறைச்சு நினைக்கலப்பா, என்னால முடியல, அவ்வளவுதான்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அப்பத்தா மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "எங்க காலத்துல தீவாளிக்கு ஒருக்கா, கோயிலுக்கு ஒருக்கா. மிச்ச நாளெல்லாம் கம்பங்கூழுதான் ஆத்தா."

2 நவம்பர், ஞாயிறு

அம்மாவின் பயத்துக்காக டாக்டரைப் பார்த்தேன். ரத்தத்தில் இரும்பு கொஞ்சம் குறைவு. பி12 இப்போதைக்குச் சரியாக இருக்கிறது, கல்லீரலில் சேர்ந்திருப்பது சில வருடம் தாங்குமாம். ஆனால் அந்தச் சத்து காய்கறி, கீரை, பருப்பு எதிலும் கிடையாது. முட்டையும் இல்லை என்றால் பால், தயிர் தினமும் வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவை ரத்தத்தைச் சோதிக்க வேண்டும், குறைந்தால் மாத்திரை. முருங்கைக்கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சேராது என்றார்.

அம்மாவும் கூடவே வந்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. வரும் வழியில் முருங்கைக்கீரை இரண்டு கட்டு வாங்கினாள்.

17 நவம்பர், கார்த்திகை 1

அப்பா ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டார். பதினோராவது வருடம். இன்று முதல் அவரை நாங்கள் "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் கறி வராது. அம்மா கறிச்சட்டிகளைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டாள். தம்பிகூட முணுமுணுக்கவில்லை.

ராத்திரி வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாமிக்காக நாற்பத்தொரு நாள் விட்டால் வீடே கூட நிற்கிறது, ஏன் என்று ஒருவர் கேட்பதில்லை. ஓர் ஆட்டுக்காக விடுகிறேன் என்றால் மட்டும் ஏன் இத்தனை கேள்வி? அப்பாவின் விரதத்தை நான் மதிக்கிறேன். விடியற்காலைக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அவர் சரணம் சொல்வதைக் கேட்டால் எனக்கே தொண்டை அடைக்கும். என் காரணமும் எனக்கு அந்த அளவுக்குப் பெரியது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

30 நவம்பர், ஞாயிறு

வாழைப்பூவில் கோலா உருண்டை செய்தேன். கறிக்குப் போடும் அதே சாமான்தான்: சோம்பு, பட்டை, கசகசா, தேங்காய், சின்ன வெங்காயம். பொட்டுக்கடலை மாவு கூடிப்போனதால் முதல் ஈடு கல்லாகிவிட்டது. இரண்டாவது ஈடு நன்றாக வந்தது. அப்பா ஆறு சாப்பிட்டார்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

போன வாரம் அப்பா மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றிவிட்டார். இன்று கறி வந்தது. காலையிலிருந்தே எனக்கு வயிற்றில் ஒரு பயம், மறுபடி அந்த இலை, அந்தச் சண்டை.

அடுப்படிக்குப் போனேன். அம்மா மசாலாவை அரைத்து வதக்கி முடித்திருந்தாள். கறி இன்னும் மஞ்சள் தடவிய சட்டியிலேயே இருந்தது. பக்கத்து அடுப்பில் சின்ன மண்சட்டி ஒன்றில் அதே மசாலாவில் சேனைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. கறியைத் தொடுவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்திருக்கிறாள்.

"உப்பு பாரு" என்று கரண்டியை நீட்டினாள். கொஞ்சம் கம்மியாக இருந்தது. சொன்னேன், போட்டாள்.