நாலு துறை, ஒரே கோடைக்கால வேலைத்திட்டம்: செலவைப் பிரித்த அனுபவம்

கலிஃபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒர்க்ஃபோர்ஸ் போர்டில், அதாவது வேலைப் பயிற்சிக்கும் வேலைவாய்ப்புக்குமான உள்ளூர் வாரியத்தில், நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2024 கோடையில், பள்ளி மாணவர்களுக்கும் படிப்பை நிறுத்திவிட்ட இளைஞர்களுக்கும் சம்பளத்தோடு வேலை தரும் திட்டம் ஒன்றை நாலு அரசு அமைப்புகள் செலவைப் பகிர்ந்து நடத்தின. யார் எவ்வளவு போடுவது, எந்த அடிப்படையில் போடுவது என்ற கணக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அமெரிக்காவில் கவுண்டி, சிட்டி அலுவலகங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் கணக்குப் பார்க்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்காவது இதே வேலை வந்தால் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே துறை முழுச் செலவையும் ஏற்க முடியாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஒரு காலத்தில் முடிந்தது. ஜேடிபிஏ என்று சொல்லப்பட்ட 1982 வேலைப் பயிற்சிச் சட்டத்தில், கோடைக்கால வேலைக்கென்றே மத்திய அரசின் தனி ஒதுக்கீடு இருந்தது. 1998-இல் வந்த சட்டம் அந்தத் தனிப் பிரிவை எடுத்துவிட்டு, ஆண்டு முழுவதும் நடக்கும் இளைஞர் திட்டத்துக்குள் கோடை வேலையை ஓர் அங்கமாகச் சேர்த்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2014-இல் வந்த வியோவா (WIOA) என்ற மத்திய வேலைவாய்ப்புச் சட்டம். அதன்படி இளைஞர் நிதியில் குறைந்தது 75 சதவீதம் பள்ளியில் இல்லாத 16 முதல் 24 வயதுக்காரர்களுக்குப் போக வேண்டும். பள்ளியில் படிக்கும் 14 முதல் 21 வயதுப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது கால் பங்குதான். கோடையில் வேலை கேட்டு வருகிறவர்களோ பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். எங்கள் போர்டிடம் பணம் இருந்தும், கதவைத் தட்டுகிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க முடியாத நிலை. கூட்டாளிகளைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம்.

சேர்ந்தவர்கள் நாலு பேர். முதலில் வியோவா பணத்தோடு நாங்கள். அடுத்து கவுண்டியின் சமூக சேவைத் துறை. ஏழைக் குடும்பங்களுக்கான டானிஃப் (TANF) என்ற மத்திய உதவித் திட்டத்தின் கலிஃபோர்னிய வடிவமான கால்வொர்க்ஸ் இவர்கள் கையில் இருக்கிறது. மூன்றாவது, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைக்கு வழிகாட்டும் மாநிலத் துறை. வியோவா சட்டப்படி இந்தத் துறை தன் மத்திய நிதியில் குறைந்தது 15 சதவீதத்தை, மாற்றுத்திறன் உள்ள மாணவர்களை வேலைக்குத் தயார் செய்வதற்கென்று ஒதுக்கியாக வேண்டும். நாலாவது சிட்டி, அதாவது நகர நிர்வாகம். அவர்கள் பொது நிதியிலிருந்து கொஞ்சம் கொடுத்தார்கள். பூங்காக்கள், நூலகங்கள், சமூகக் கூடங்கள் என்று வேலையிடங்களையும் அவர்களே தந்தார்கள். பள்ளி நிர்வாகம் பணம் போடவில்லை. ஆனால் பயிற்சிக்கு வகுப்பறைகள் கொடுத்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இங்கே ஒர்க் பர்மிட் வேண்டும், அதைக் கொடுப்பது பள்ளித் தரப்பு. விடுமுறையிலும் அதற்காக ஓர் ஊழியரை உட்கார வைத்தார்கள். அந்த உதவி இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகளை ஜூனில் வேலையில் சேர்த்திருக்கவே முடியாது.

சம்பளத்தைப் பிரிப்பது சுலபம். ஒரு பிள்ளை எந்த நிதியில் சேர்க்கப்படுகிறாரோ, அவருடைய சம்பளம் முழுவதும் அந்த நிதியில். 2024-இல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். 120 மணி நேரம் வேலை செய்தால் 1,920 டாலர். வேலை கொடுப்பவர் கட்ட வேண்டிய சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரி 7.65 சதவீதம், அதாவது 146.88 டாலர். இதற்கு மேல் விபத்துக் காப்பீடு. இதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை வந்தது பொதுச் செலவில். ஒருங்கிணைப்பாளர் சம்பளம், வேலையிடம் தேடிக் கொடுப்பவர்களின் சம்பளம், முதல் வார வகுப்பு, பிள்ளைகளின் பேரோலை (சம்பளப் பட்டுவாடாவை) எங்களுக்காக நடத்தும் தொண்டு நிறுவனத்தின் நிர்வாகச் செலவு, இதெல்லாம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. ஆளுக்குக் கால் பங்கு என்று ஒருவர் சொன்னார். யார் பட்ஜெட் பெரிதோ அவர் அதிகம் போடட்டும் என்று இன்னொருவர் சொன்னார். இரண்டுமே செல்லாது. மத்திய மானியங்களுக்கான பொது விதி 2 சிஎஃப்ஆர் 200 என்ற தொகுப்பில் இருக்கிறது. அதன் 405-ஆம் பிரிவு, ஒரு செலவால் எந்த நிதிக்கு எவ்வளவு பலன் கிடைத்ததோ அந்த அளவுக்குத்தான் அந்த நிதியில் எழுதலாம் என்கிறது. ஒரு மானியத்தில் பணம் போதவில்லை என்பதற்காக அதன் செலவை இன்னொரு மானியத்தில் எழுதக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த விதியை முதல் கூட்டத்திலேயே எல்லோருக்கும் அச்செடுத்துக் கொடுப்பது நல்லது. பாதி வாதம் அங்கேயே அடங்கிவிடும்.

மீதிப் பாதி, பலனை எதை வைத்து அளப்பது என்பது. தலைக்கணக்கா, மணிக்கணக்கா? இதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். செலவழித்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். எங்கள் உண்மை எண்களை விட்டுவிட்டு, புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்கு சொல்கிறேன். வியோவாவில் 80 பிள்ளைகள், ஆளுக்கு 120 மணி. கால்வொர்க்ஸில் 60 பேர், 160 மணி. மாற்றுத்திறனாளிகள் துறையில் 30 பேர், 80 மணி. சிட்டியில் 20 பேர், 120 மணி. மொத்தம் 190 பேர், 24,000 மணி நேரம். பொதுச் செலவு 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கணக்கில் போனால் மாற்றுத்திறனாளிகள் துறையின் பங்கு 15.8 சதவீதம், சுமார் 9,474 டாலர். மணிக்கணக்கில் அதே துறைக்கு 10 சதவீதம், 6,000 டாலர். கால்வொர்க்ஸுக்கு நேர்மாறாக 31.6 சதவீதம் என்பது 40 ஆக ஏறும்.

கால்வொர்க்ஸை நடத்தும் சமூக சேவைத் துறைக்கு இது பிடிக்கவில்லை. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குத்தான் கூடுதல் கவனிப்பு வேண்டும், அந்தத் துறையின் பங்கு எப்படிக் குறையலாம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கூடுதல் கவனிப்பைத் தருவது ஜாப் கோச், அதாவது வேலையிடத்தில் கூட இருந்து கற்றுக்கொடுப்பவர். அவர் அந்தப் பிள்ளைகளுக்காக மட்டும் வருகிறவர். அவருடைய சம்பளம் பொதுச் செலவே இல்லை, நேராக அந்தத் துறையின் கணக்கில் போக வேண்டியது. அதைத் தனியாக எடுத்து வைத்ததும், பொதுவில் மிஞ்சியது டைம்ஷீட் பார்ப்பது, பேரோல் போடுவது, வேலையிடத்துக்குப் போய்ப் பார்ப்பது போன்றவைதான். இவை வேலை நடக்கும் நேரத்தோடு கூடிக் குறைகிறவை. மணிக்கணக்கு நிலைத்தது. எனவே முதலில் எது ஒரே துறைக்கு உரியது என்று பிரித்து எடுங்கள். அப்புறம் மிச்சத்துக்கு அளவுகோல் தேடுங்கள். தலைகீழாகப் போனால் பேச்சு முடியவே முடியாது.

மே மாதம் இன்னொரு சிக்கல். கால்வொர்க்ஸ் குடும்பங்களிலிருந்து எதிர்பார்த்த அளவு பிள்ளைகள் வரவில்லை. அந்த நிதியில் பணம் மிஞ்சும் போலத் தெரிந்தது. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை இந்த வருடம் மட்டும் முழுசாக அதில் எழுதிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் 405-ஆம் பிரிவு தடுப்பது இதைத்தான். ஆடிட்டில் பிடிபட்டால், கவுண்டி தன் சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

முறையான வழி வேறு. கால்வொர்க்ஸ் உதவி வாங்கும் குடும்பத்துப் பிள்ளை, வியோவா விதிப்படியும் குறைந்த வருமானக்காரர்தான். அதனால் எங்கள் வியோவா பட்டியலில் இருந்த சிலர் இரண்டு நிதிக்கும் தகுதியானவர்கள். வேலை தொடங்கும் முன்பே அவர்களைக் கால்வொர்க்ஸ் பக்கம் சேர்த்தோம். வியோவாவில் காலியான இடங்களுக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து வேறு பிள்ளைகள் வந்தார்கள். மணிகள் நகர்ந்தன, பங்கும் தானாக நகர்ந்தது, செலவை யாரும் இடம் மாற்றவில்லை. என் பார்வையில் இந்த முழு வேலையின் மையம் இதுதான். செலவைப் பிரிக்கும் விகிதத்தில் கை வைக்க வேண்டியதே இல்லை. சரிசெய்ய வேண்டியதைச் சேர்க்கையின்போதே, முதல் வேலைநாளுக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். வருமான வரம்பைக் கொஞ்சமே தாண்டிய குடும்பம், மாற்றுத்திறனும் இல்லை, அரசு உதவியும் இல்லை. ஆனால் அம்மா இரண்டு வேலை பார்க்கிறார், பிள்ளைக்கு முதல் சம்பளம் உண்மையிலேயே தேவை. இவர்களைச் சேர்க்க முடிந்தது சிட்டியின் பொது நிதியால்தான். தொகையில் அது சின்னதாக இருக்கலாம். ஆனால் நிபந்தனை இல்லாத பணம் என்பதால் எனக்கு அதன் மேல் தனி மரியாதை. நிபந்தனை உள்ள நிதிகளில் முதலில் தகுதி பார்க்க வேண்டும், எதிலும் இடமில்லாதவர்களுக்கு மட்டும் சிட்டி இடம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். இல்லாவிட்டால் அந்த இடங்கள் முதல் வாரத்திலேயே நிரம்பிவிடும், யாருக்காக வைத்தோமோ அவர்கள் வெளியே நிற்பார்கள்.

அப்புறம் ஜூலை 1. கலிஃபோர்னியாவில் மாநிலம், கவுண்டி, சிட்டி எல்லாவற்றுக்கும் பொதுவாக நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. கோடைத் திட்டமோ ஜூனில் தொடங்கி ஜூலையில் முடிகிறது. ஜூன் கடைசியில் செய்த வேலைக்கான சம்பளம் ஜூலையில் பட்டுவாடா ஆனாலும், அது பழைய ஆண்டின் செலவு. அந்தப் பேரோலை இரண்டாக வெட்டி இரண்டு பில் போட வேண்டும். சிட்டியின் பழைய ஆண்டுப் பணத்தை அதிகம் நம்ப முடியாததால், அவர்கள் பிள்ளைகளை ஜூலை 1-க்குப் பிறகே தொடங்க வைத்தோம். மற்ற மூன்றுக்கும் ஜூன் 30 அன்று டைம்ஷீட்டை மூடிப் புதிதாகத் திறந்தோம். மேற்பார்வையாளர்களுக்கு இது எரிச்சலான வேலைதான். என்றாலும் பின்னால் தேதிவாரியாகத் தோண்டுவதைவிட நல்லது.

கையில் பணப் புழக்கம் இன்னொரு தலைவலி. சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். துறைகள் பில்லைப் பார்த்துப் பணம் அனுப்ப வாரக் கணக்கில் ஆகும். பேரோல் நடத்தும் தொண்டு நிறுவனத்தால் அதுவரை தாங்க முடியாது. பதினாறு வயதுப் பிள்ளையின் முதல் சம்பளம் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் சம்பளங்களுக்கான தொகையை முன்பணமாகக் கொடுக்க ஒப்பந்தத்தில் வழி வைத்தோம். மத்திய விதிகள் இதற்கு இடம் தருகின்றன. செலவுக்கு நெருக்கமான நாளில் கொடுக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல்கள் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவில் பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்ற பத்தி மட்டும் பல முறை திருத்தப்பட்டது. சட்டப்படி முதலாளி யார் என்பதை, எங்கள் விஷயத்தில் தொண்டு நிறுவனம் என்று, முதல் பக்கத்திலேயே எழுதினால் அந்தப் பத்தி சீக்கிரம் முடியும். 14, 15 வயதுப் பிள்ளைகள் பவர் மோவர் (புல் வெட்டும் இயந்திரம்) தொடக் கூடாது என்ற மத்திய விதியையும் பூங்காத் துறைக்கான இணைப்பில் சேர்த்தோம். கவுண்டியை நிர்வகிக்கும் சூப்பர்வைசர்கள் சபையின் ஒப்புதலும் ஒப்பந்தத்துக்கு வேண்டும். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக வெளியிட வேண்டும் என்பது, அரசு சபைகளின் கூட்டங்கள் பற்றிய கலிஃபோர்னியச் சட்டமான பிரவுன் சட்டம். நடைமுறையில் கோப்பு அதற்கு எத்தனையோ வாரம் முன்பே போயாக வேண்டும்.

இத்தனை ஏற்பாடு செய்தும் சில பெற்றோர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். பிள்ளை சம்பாதித்தால் நம் உதவித்தொகை குறையுமோ என்ற பயம். கால்வொர்க்ஸில், முழுநேரம் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பளம் குடும்பத்தின் வருமானத்தில் சேராது. எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்குமான மத்திய உதவித்தொகை) வாங்கும், 22 வயதுக்குக் கீழான மாணவருக்குத் தனி விலக்கு உண்டு. 2024-இல் மாதம் 2,290 டாலர் வரை, ஆண்டுக்கு 9,230 டாலர் வரை. எண்பது மணி நேரத்துக்கு 1,280 டாலர் வாங்கும் பிள்ளைக்கு இது தாராளம். இதை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதிக் கொடுத்தபின் சேர்க்கை கூடியது. துறைகளுக்கிடையே பெயர்ப் பட்டியல் பரிமாறுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. குடும்பத்தின் ஒப்புதல் கையெழுத்து வாங்கினோம். பிள்ளைக்குத் தகுதி உண்டா இல்லையா என்பதை மட்டும் சமூக சேவைத் துறை எங்களிடம் சொன்னது, வேறு எந்த விவரமும் வரவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் கடைசிக் கணக்கு. கோடை முழுக்கத் திட்டமிட்ட விகிதத்தில் பில் போட்டிருந்தோம். இடைக்காலத்துக்கு மதிப்பீட்டை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது, ஆனால் முடிவில் உண்மையான அளவுக்குத் திருத்தியாக வேண்டும். சிலர் பாதியில் நின்றிருந்தார்கள், சிலர் கூடுதல் மணி செய்திருந்தார்கள். உண்மை மணிகளைப் போட்டபோது இரண்டு துறைகளுக்குப் பணம் திரும்பியது, ஒரு துறை கொஞ்சம் கூடுதலாகக் கட்டியது. கட்டியவர்கள் முணுமுணுக்கவில்லை. கணக்குத்தாள் நாலு பேரிடமும் முதல் நாளிலிருந்தே இருந்தது, வாராவாரம் அதே தாளில்தான் மணிகளைப் பதிந்தோம்.

அடுத்த கோடைக்கான ஒப்பந்தத்தை அந்த ஆண்டு நவம்பரிலேயே எடுத்தோம். மணிக்கணக்கு அப்படியே தொடர்ந்தது. மாற்றியவை சில மட்டுமே. குறைந்தபட்சக் கூலி 2025-இல் 16.50 டாலர் என்பதைச் சேர்த்தோம். மறைமுகச் செலவுக்கு (அலுவலக வாடகை, கணக்குப் பிரிவு போன்ற பொது நிர்வாகச் செலவுக்கு) மத்திய அரசோடு தனியாகப் பேசி முடிவு செய்த விகிதம் இல்லாதவர்களுக்கு மத்திய விதி அனுமதிக்கும் உச்சவரம்பு, 2024 அக்டோபர் முதல் 10-இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்திருந்தது, அதையும் பேசி எழுதினோம். சிட்டியிடம் மட்டும் இன்னும் சில இடங்கள் கூடுதலாகக் கேட்டோம்.