டோனி லாக்கெட்: 281 ஆட்டம், 1360 கோல்

ஆஸ்திரேலிய கால்பந்தின் உச்ச லீகில் இவரை விட அதிக கோல் அடித்தவர் கிடையாது. 1983இல் செயின்ட் கில்டாவில் தொடங்கி 898 கோல். 1995இல் சிட்னி ஸ்வான்ஸுக்கு மாறி இன்னும் 462.

லாக்கெட் ஒரு ஃபுல் ஃபார்வர்ட், அதாவது எதிரணியின் கோலுக்கு மிக அருகே நிற்கும் தாக்குதல் ஆட்டக்காரர். அவரது வேலை, சக வீரர்கள் உதைத்து அனுப்பிய பந்தைக் கீழே விழாமல் பிடிப்பது. பிடித்துவிட்டால் யாரும் தடுக்காத ஒரு உதை கிடைக்கும். முட்டை வடிவப் பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, காலுக்கு நேராக விட்டு, கீழ்முனையில் உதைக்க வேண்டும். அப்போதுதான் பின்னோக்கிச் சுழன்று நேராகப் போகும். கையிலிருந்து சற்றே சாய்ந்து விழுந்தாலும் போச்சு, விலகிவிடும். நடுவிலுள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்குள் போனால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் 1.

அந்த ஒற்றைப் புள்ளிதான் 1996 அரையிறுதியில் சிட்னியைக் காப்பாற்றியது! எஸெண்டன் அணியுடன் சமநிலை, லாக்கெட்டுக்குத் தொடைஇடுக்கில் காயம். ஆட்டம் முடியும் சைரன் ஒலித்த பிறகு வெகுதொலைவிலிருந்து உதைத்தார். 70-69. இறுதியில் நார்த் மெல்போர்னிடம் தோற்றார்கள். அந்தக் கோப்பை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

1999 ஜூன் 6, கார்டன் கவென்ட்ரியின் முந்தைய சாதனையான 1299 கோலைத் தாண்டியதும் ரசிகர்கள் வேலி தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள்.